இசை தொடங்குவதற்கு முன் ஒரு இருமல்

மேல்வீட்டு முசியே கரபெத் இரும்புப் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். கோட்டு இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. கனடாவில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்து வீடுகளுக்குப் படிகள் வெளியில்தானே. மாசி மாதத்தில் பனி உறைந்து அவை கண்ணாடி மாதிரி வழுக்கும். அந்தப் படியில் கைப்பிடியைத் தொடாமல், ஒரு சீடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காலைத் தடவித் தடவி வைத்தார்.

நான் கீழே வாசலில் பனி இளக உப்புத் தூவிக்கொண்டு நின்றேன். வாளியைப் போட்டுவிட்டு ஏறிப்போய் அவரைப் பிடித்தேன். உடம்பு நடுங்கியது. கண் சிவந்திருந்தது.

“இதில் அவள் இல்லை” என்றார்.

பிள்ளைகளே, அவர் சொன்னது பிரெஞ்சில். என்னுடைய பிரெஞ்சு பாண் பேக்கரியில் பழகினது. அவசரத்துக்கும் ஏச்சுக்கும் போதும், துக்கத்துக்குக் காணாது. ஆனாலும் அந்த வசனம் விளங்கியது. அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்தி, தேத்தண்ணி போட்டேன். உங்கள் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நீங்கள் பள்ளிக்கூடத்தில்.

அவர் சீடியை மேசையில் வைத்தார். அதன் அட்டையில் அவருடைய மனைவி மதாம் ஸிரானின் படம். படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே தாமரைப் பூ.

கூரைக்கு மேலே ஒரு வாத்தியக் குழு

உங்களில் மூத்தவளுக்கு மதாம் ஸிரானை நல்ல நினைவிருக்கும். சின்னவளுக்கு அவர் தந்த பிஸ்தா இனிப்புத்தான் நினைவு. வீட்டுச் சொந்தக்காரர் அவர்கள், மேல்வீட்டில் இருந்தார்கள். ஐயா, அம்மா என்பதைப் பிரெஞ்சில் முசியே, மதாம் என்று கூப்பிடுவோம். நாங்கள் கீழே வாடகைக்கு இருந்தோம்.

சனிக்கிழமைக் காலையில் எங்கள் கூரை அதிரும். மேலே முசியே இசைத்தட்டுப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். அவரிடம் ஒரு சுவர் நிறையத் தட்டுகள் இருந்தன. எல்லாமே ஒரே ஆளுடைய இசை. அவர்களுடைய நாட்டு, ஆர்மீனிய இசையமைப்பாளர் ஒருவர். பெரிய வாத்தியக் குழுக்களுக்கும், பாலே ஆட்டத்துக்கும் எழுதினவர். பாலே என்றால் கால்விரல் நுனியில் நின்று ஆடுகிறது. கதை உண்டு, பேச்சு இல்லை.

அதிலும் ஒரே பாலேயை மொஸ்கோவில் வாசித்தது, லண்டனில் வாசித்தது, வியன்னாவில் வாசித்தது, அவர்களுடைய எரெவானில் வாசித்தது என்று தனித்தனியாக வைத்திருந்தார். ஒன்றையே ஏன் இத்தனை தரம் வாங்கினீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். விட்டாரா? என்னை இருத்தி, ஒரே இடத்தை ஒவ்வொரு தட்டிலும் போட்டுக் காட்டினார். மொஸ்கோக்காரர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்களாம். லண்டன்காரர் சப்பாத்தைத் துடைத்துவிட்டு வருகிறார்களாம். எரெவான்காரர் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறார்களாம்.

எனக்கு முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. பிறகு நினைத்துப் பார்த்தேன். ஒரே தேவாரத்தை எங்கள் கோயிலில் இரண்டு பேர் படித்தால் இரண்டு விதமாகத்தானே வருகிறது. அப்படி நினைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கியபிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். இசையைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

உங்களுக்கு அந்த மேளம் அடிக்கிற வேகமான இடம்தான் பிடிக்கும். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடுவீர்கள். அம்மா ஏசுவாள். ஆனால் வயலின்கள் மட்டும் மெதுவாக வருகிற ஒரு இடம் இருந்தது. அது வந்தால் அம்மா வெங்காயம் வெட்டுகிற கையை நிறுத்திவிடுவாள். அது முடிந்த பிறகுதான் கத்திச் சத்தம் திரும்பக் கேட்கும்.

மதாம் ஸிரான் இளம் வயதில் எரெவானில் ஒரு வாத்தியக் குழுவில் செலோ வாசித்தவர். அது பெரிய வயலின் மாதிரி. முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பது. முசியே பெய்ரூட்டிலிருந்து அங்கே படிக்கப் போனவர். கலியாணம் முடித்து, அவரைப் பெய்ரூட்டுக்குக் கூட்டி வந்தார். அங்கேயும் சண்டை. எங்களைப் போலத்தான், கையில் பிடிக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கனடாவுக்கு வந்தார்கள். செலோ கையில் பிடிக்கக்கூடியதில்லை. இங்கே வந்து ஏன் இன்னொன்று வாங்கவில்லை என்று அம்மா ஒருமுறை கேட்டாள். மதாம் தன் விரல்களை மடக்கி விரித்துக் காட்டிச் சிரித்தார். அவ்வளவுதான்.

அந்தத் தைமாதம் சுவாசப்பை நோயில் அவர் காலமானார். எங்களில் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலட்டைச் சனம்தான் சாப்பாடு கொடுக்கும். அம்மா உறைப்பைக் குறைத்துச் சமைத்து மேலே கொண்டுபோனாள். போய்ப் பார்த்தால், அவர்களுடைய ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு மேசை நிறைய இருந்ததாம். அவர்களிலும் அப்படித்தானாம்.

நாங்கள் முப்பத்தோராம் நாள் செய்வது போல அவர்கள் நாற்பதாம் நாள் செய்கிறார்கள். அது முடிந்ததும் மகன் தகப்பனை இல்-பிசாரில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அங்கே ஒரு அறைதான். சுவர் நிறைந்த தட்டுகளுக்கு இடமில்லை. அவற்றைச் சீடியில் ஏற்றித் தர யாராவது இருக்கிறார்களா என்று முசியே கேட்டார். என் மச்சான் இருக்கிறான் என்றேன்.

பாலன் மாமாவின் கை

உங்கள் பாலன் மாமா பொடியனாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு றெக்கோடிங் பாரில் வேலை செய்தவன். உங்களுக்கு அது என்னவென்று தெரியாது. நாம் விரும்புகிற பாட்டுகளைச் சொன்னால், இசைத்தட்டிலிருந்து கசற்றில் பதிந்து தருகிற கடை.

அந்தக் கடையில் சில சட்டங்கள் இருந்தன. தட்டில் ஊசி விழுகிற சத்தம் கசற்றில் கேட்கக்கூடாது. கேட்டால் முதலாளி குட்டுவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெறுமை இருக்கக்கூடாது. இருந்தால், கசற் சும்மா ஓடுது என்று வாங்கினவர் திருப்பிக் கொண்டுவருவார். பாட்டு மெதுவாகிற இடத்தில் சத்தத்தைக் கூட்டிவிட வேண்டும், ஏனென்றால் அது கலியாண வீட்டில் லவுட்ஸ்பீக்கரில் போடுவது. நாலு ஒழுங்கைக்குக் கேட்க வேண்டும். பாலன் தட்டு சுழலும்போதே, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்து, ஊசியைச் சரியாக அந்த இடத்தில் வைப்பான். அந்தக் கைக்காகவே அவனைத் தேடி வந்தார்களாம்.

இங்கே அவன் கலியாண வீடியோ எடுக்கிறவன். பழக்கம் விடவில்லை. ஒருத்தர் இருமினால் வெட்டுவான், குழந்தை அழுதால் வெட்டுவான். பாலன் எடுத்த வீடியோவில் ஐயர் தும்மினதே இல்லை என்று எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

முசியேயின் தட்டுகளையும் அப்படித்தான் செய்தான். மனப்பூர்வமாகச் செய்தான். பியர்பொன்ட்ஸில் உள்ள தன் வீட்டு நிலவறையில், வேலை முடிந்து வந்து இருந்து, ஒவ்வொரு தட்டாகத் துடைத்துப் பதிந்தான். முப்பத்தொன்றுக்கு நாங்கள் செத்தவரின் நினைவாக அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம் மாதிரி, அட்டையில் மதாமின் படத்தைப் போட்டு, விளக்கும் தாமரையும் வைத்தான். தட்டுகளைத் திருப்பிக் கொடுத்த அன்றே முசியேயின் மகன் வந்து, அவற்றையும் அவற்றைப் போட்டுக் கேட்கிற பெட்டியையும் ஏற்றிக்கொண்டுபோய், அவர்களுடைய தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் முசியே தனிய இருந்து சீடியைப் போட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் அந்தப் படியில் இறங்கி வந்தார்.

“இருமலையோ?”

தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. அவர் கதையைச் சொன்னார்.

தட்டுகளுக்குள் ஒன்று கடையில் விற்றதில்லை. எரெவானில் அந்தப் பாலே இசையைப் பதிவதற்கு முன், ஒத்திகை நடக்கும்போது, ஒலிப்பதிவுக்காரர் சோதனைக்காக ஒரு தட்டில் பதிந்து பார்த்தார்களாம். அதை மதாமின் கலியாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்தார்கள். அதில் இசை உடனே தொடங்காது. முதலில் கதிரை இழுபடும். வாத்தியங்களைச் சுருதி சேர்ப்பார்கள். அதற்கு நடுவில் ஒரு இருமல்.

“அது அவள்” என்றார்.

பாலன் அந்த இடத்தைத் தாண்டி, இசை தொடங்குகிற இடத்தில் ஊசியை வைத்துவிட்டான்.

நான் மெதுவாகக் கேட்டேன். மகன் வீட்டு வீடியோக்களில் மதாமின் குரல் இருக்குமே என்று. இருக்கிறது என்றார்.

“அதில் இருப்பது என் பிள்ளைகளின் தாய். பேரப்பிள்ளைகளின் பாட்டி. இதில் இருப்பது நான் கண்ட பெண். வேறெங்கும் அவள் இல்லை.”

நாற்பதாம் நாளுக்கு அந்தத் தட்டில் உள்ளதைப் போட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாராம். அது வருகிற ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வெள்ளி.

நான் பாலனுக்கு ஃபோன் அடித்தேன். முதலில் அவனுக்கு ரோசம் வந்துவிட்டது.

“என்னத்தை அத்தான் கதைக்கிறியள்? அதிலை கீறல் சத்தம் கூட இல்லாமல் எவ்வளவு வடிவாய்ச் செய்து குடுத்தனான்.”

“வடிவுதான். ஆனா மனிசி இருமினது அதுக்குள்ளை இருந்ததாம்.”

“இருமலையோ? செத்த வீட்டுச் சீடியிலை இருமலை வைச்சுக் குடுக்கச் சொல்லுறியளோ?”

அது இந்த நோயில் வந்த இருமல் இல்லை, இளம் பிள்ளையாக இருந்தபோது இருமினது என்று விளங்கப்படுத்தினேன். கொம்பியூட்டரில் வெட்டாதது இருக்குமோ என்று கேட்டேன். வெட்டினதென்றால் இருக்குமாம். இவன் வெட்டவேயில்லை. ஊசியை வைக்கும்போதே தாண்டித்தான் வைத்தான்.

“அந்த ரெண்டு நிமிசமும் பதியவேயில்லை, அத்தான்” என்றான். பிறகு கேட்டான்: “தட்டு எங்கை?”

வளைந்த தட்டுகள்

தேவாலயத்துக் கீழ்மண்டபத்தில் விற்பனை அடுத்த நாள். பாலன் வேலையில் சொல்லிவிட்டு வந்து, எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றினான். முசியே முன்னால் இருந்தார்.

மண்டபத்தில் மேசை மேசையாகச் சாமான் அடுக்கியிருந்தது. கோப்பைகள், திரைச்சீலைகள், பழைய கோட்டுகள். முசியேயின் தட்டுகள் ஒரு மூலையில் நல்ல வடிவாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. மொஸ்கோ இருந்தது, லண்டன் இருந்தது, வியன்னா இருந்தது. அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முடிந்ததும் திரும்பவும் தொடக்கத்திலிருந்து பார்த்தார். அது இல்லை.

அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டார். நல்ல அட்டை இல்லாத தட்டுகள் விலைபோகாது என்று குசினிக்குக் கொடுத்துவிட்டதாக அந்தப் பெண் சொன்னாள். குசினிக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. முசியேயின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

குசினியில் அடுப்புக்கு முன்னால் இரண்டு மூன்று பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்கள். பழைய தட்டுகளைக் கேக் சுடுகிற அடுப்பில் சூடாக்கினால் அவை இளகுமாம். இளகும்போது ஒரு சட்டியின் மேல் கவிழ்த்தால் பூ மாதிரி மடிந்து வரும். அதைப் பூச்சாடிக்குக் கீழே வைக்க விற்பார்கள். மேசையில் அப்படிக் கறுப்புப் பூக்கள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன.

முசியே அந்த ஒவ்வொன்றையும் எடுத்து, நடுவில் உள்ள வட்டக் கடதாசியை வாசித்தார். வாசித்துவிட்டு மெதுவாக வைத்தார். பாலன் அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அந்த ஆர்மீனிய எழுத்து வாசிக்கத் தெரியாது. குதிரை லாடங்களை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். நாங்கள் தேடுகிற தட்டில் ஊதா மையில் கையால் எழுதியிருக்கும் என்று மட்டும் முசியே சொல்லியிருந்தார்.

வளைந்தவற்றில் அது இல்லை.

அடுப்புக்குப் பக்கத்தில், அடுத்ததாகச் சூடாக்க வைத்திருந்த அடுக்கில் இருந்தது. பாலன்தான் முதலில் கண்டான். தொடவில்லை. “அத்தான், உது ஊதாவோ பாருங்கோ” என்றான்.

முசியே அதை எடுத்துச் சேர்ட்டுக்குள் வைத்துக் கோட்டைப் பூட்டினார். ஏப்ரன் கட்டியிருந்த பெண்களில் ஒருத்தி அவருடைய மொழியில் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை நிறுத்தினாள்.

பியர்பொன்ட்ஸ் நிலவறை

அங்கிருந்து நேரே பாலன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய மனிசி மணவறை சோடிக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். நிலவறை முழுக்கத் தூண்களும் கடதாசிப் பூக்களும் துணி போர்த்திய பிள்ளையாரும். இருக்க வேறு இடமில்லாமல், முசியேயை மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிற சிவப்பு வெல்வெட் கதிரையில் இருத்தினான். இரண்டு பேர் இருக்கிற கதிரை. அவர் ஒரு பக்கமாக இருந்தார்.

பாலன் தட்டைத் துடைத்தான். இந்தமுறை ஊசியை வைப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்கினான். ஊசி விழுகிற சத்தமும் இருக்கட்டும் என்றான்.

கீறல் சத்தம். கதிரைகள் இழுபட்டன. ஒருத்தர் வயலினை மெல்ல இழுத்துப் பார்த்தார், இன்னொருவர் அதோடு சேர்ந்தார். யாரோ ஒரு ஆண் தூரத்தில் ஏதோ சொல்லச் சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லாம் அடங்கியது. எங்கோ ஒரு கதவு கிரீச்சென்றது. உடனே, சின்னதாக, ஒரு இருமல்.

சளி இருமல் இல்லை. தொண்டையை ஒருதரம் தொட்டுவிட்டு விட்ட மாதிரி.

முசியே கையை உயர்த்தினார். பாலன் ஊசியைத் தூக்கினான்.

“கதவு நான்” என்றார் முசியே.

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு அவர் ஒத்திகை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாராம். பிந்திவிட்டார். கதவை மெல்லத் திறந்துகொண்டு வந்து, பின்னால் இருட்டில் நின்றாராம். அவ்வளவு பேருக்கு நடுவில், மதாமால் தலையைத் திருப்ப முடியாது. வாத்தியக் குழுவை நடத்துபவர் கோலைத் தூக்கிவிட்டார். நீ வந்ததை அறிந்துவிட்டேன் என்று சொல்ல மதாமுக்கு வேறு வழி இருக்கவில்லை.

“கலியாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். கூட்டத்தில் என்னைத் தேடினால் இருமுவாள். நானும் இருமுவேன்.”

நான் பாலனுக்குத் தமிழில் சொன்னேன். அவன் வயரைச் சரிசெய்வது போலக் குனிந்தான். பிறகு, “திருப்பி ஒருக்கா வைக்கட்டோ எண்டு கேளுங்கோ அத்தான்” என்றான்.

கேட்கத் தேவையிருக்கவில்லை. முசியே ஓம் என்று தலையை ஆட்டினார்.

நாற்பதாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. மீனும் சோறும் வைத்தார்கள். அம்மாவுக்குப் பெரிய அதிசயம் இல்லை, செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு நாங்களும் மீன் மச்சம் படைக்கிறவர்கள்தானே. நீங்கள் இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தீர்கள். அங்கே எல்லாரும் கறுப்பு உடுப்பு. அதற்காக ஒருவரும் எங்களை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மகன் எழுந்து நின்று சில வார்த்தை பேசினார். தன் அம்மா வாசித்த இசையைக் கேட்போம் என்றார். பாலன் தன்னுடைய ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து பூட்டியிருந்தான். பட்டனைத் தட்டினான்.

கீறல் சத்தம் வந்தது. கதிரைகள் இழுபட்டன. மண்டபத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகன் பாலனிடம் வந்து, ஏதோ பிழை, இசைக்குத் தள்ளிவிடலாமே என்று காதுக்குள் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கும் கேட்டது. பாலன் இல்லை என்று தலையை ஆட்டினான். கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சுருதி சேர்த்தார்கள். சிரித்தார்கள். அடங்கினார்கள். கதவு கிரீச்சென்றது.

இருமல் கேட்டது.

முன்வரிசையில் இருந்த முசியே கரபெத் தலையைத் திருப்பவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோய், சின்னதாக ஒருதரம் இருமினார்.

எனக்குப் பக்கத்தில் சின்னவள் தண்ணீர்க் கிளாசை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். “அப்பா, அவருக்குத் தண்ணி குடுக்கட்டோ?” என்று கேட்டாள்.

“வேண்டாம் பிள்ளை. இரு” என்றேன்.

ஸ்பீக்கரில் யாரோ கோலால் தட்டுகிற சத்தம் கேட்டது. இசை தொடங்கியது.